பதினைந்தாம் நாள் படம்

கைக்குழந்தை ஓயாமல் அழுதால் நம் வீடுகளில் முதலில் ஓமவாட்டர். அதற்கும் அடங்காவிட்டால், உரம் விழுந்திருக்கிறது என்று புடவையில் போட்டு உருட்டுவார்கள். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் அந்த உருட்டல் என்ன செய்யும் என்று நினைக்கவே நடுங்குகிறது. எக்ஸ்ரே எடுத்தவர்களிலும், "படத்தில் ஒண்ணுமில்லை" என்ற சொல்லோடு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல்தான் பயம்.

1946-ல் நியூயார்க் மருத்துவர் ஜான் காஃபி ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆறு பேருக்கும் மண்டைக்குள் நாள்பட்ட ரத்தக்கட்டு. கை, கால் எலும்புகளைப் படமெடுத்துப் பார்த்தால் மொத்தம் 23 முறிவுகள். அதற்குக் காரணமாகச் சொல்லும்படி எந்த வீட்டிலும் ஒரு விபத்தும் நடந்ததாகச் சொல்லவில்லை. பெற்றோரோ மற்றவர்களோ அடித்ததால் வரும் காயம் இது என்று ஹென்றி கெம்பியும் அவரோடு சேர்ந்தவர்களும் பெயர் சூட்டி எழுதியது 1962-ல். 71 மருத்துவமனைகளிலிருந்து அவர்கள் திரட்டிய 302 குழந்தைகளில் 33 பேர் இறந்துபோனார்கள். 85 பேருக்கு மூளையில் தீராத பாதிப்பு. படம் முன்பே சொல்லிவிட்டது. காதில் வாங்க 16 வருடம் ஆனது.

பச்சிளம் எலும்பு பெரும்பாலும் சட்டென்று ஒடிந்து விலகாது. இளங்கொம்புபோல் வளைந்து, மயிரிழையாய் விரியும். மார்பை இரு கைகளால் இறுக்கிப் பிடித்து நசுக்கினால் விலா எலும்பு முதுகுத்தண்டை ஒட்டிய இடத்தில் முறிகிறது. முதல் நாள் படத்தில் தண்டின் நிழல் அதை மறைத்துவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் முறிந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பு திரளும். அப்போது மணி கோத்ததுபோல் பளிச்சென்று தெரியும். சந்தேகமுள்ள குழந்தைக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடம் எடுப்பது இதனால்தான். முழுக் குழந்தையையும் ஒரே பிலிமில் அடக்குவதும் தவறு. உறுப்பு உறுப்பாக எடுக்க வேண்டும். விலாவைச் சாய்வாகவும் எடுக்க வேண்டும்.

பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோயும் ரிக்கெட்சும் இருக்கின்றன, பெற்றோர்மேல் வீண்பழி விழக்கூடாது என்பவர்கள் சொல்வதும் நியாயம்தான். அதற்கும் பரிசோதனைகள் உண்டு.

என் கவலையெல்லாம் அந்த இரண்டாவது படம்தான். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, கதிர் பட்டால் ஆகாது என்ற பயம், குழந்தை இப்போது அழவில்லையே என்ற ஆறுதல். போகாமலிருக்க ஆயிரம் காரணம் கிடைக்கும். முறிவு தானாகக் கூடியும்விடும். ஆனால் முறித்த கை அதே வீட்டில் இருந்தால், அடுத்த அடி மண்டையில் விழலாம்.

பதினைந்தாம் நாள் வரச் சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கட்டாயம் போங்கள். வரச் சொல்லாவிட்டால், "டாக்டர், மறுபடம் வேண்டாமா?" என்று நீங்களே கேளுங்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது.