கைப்பலகையைக் கழற்றிப் பாருங்கள்

பிள்ளைகள் கடலுக்குப் போகிறேன் என்றாலே வயிற்றில் புளியைக் கரைத்த காலம் போய், நாமே அவர்களைக் கடற்கரையில் கொண்டு விட்டு வரும் காலம் வந்துவிட்டது. மங்களூரை அடுத்த சசிஹித்லுவில் 2016-ஆம் ஆண்டு இந்திய ஓப்பன் அலைச்சறுக்குப் போட்டி நடந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு நம் சங்கத்துக் குடும்பப் பிள்ளைகள் சிலருக்கும் அலை மீது ஆசை வந்துவிட்டது. பெரிய பலகைக்குச் செலவு அதிகம் என்பதால் கைப்பலகையோடு தொடங்குகிறார்கள். சிலருக்கு வெளிநாட்டு உறவினர் வாங்கி அனுப்பியது. சிலர் பிளைவுட்டில் தாங்களே அறுத்துக்கொண்டது. துறைமுகப் பணிமனையில் முப்பது ஆண்டுகள் பழுதுபார்க்கும் வேலை செய்தவன் என்பதால், "மாமா, இந்தப் பட்டை ஆடுது, பாருங்களேன்" என்று என்னிடம் கொண்டு வருகிறார்கள். அப்படிப் பார்த்ததில் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கைப்பலகை என்பது உள்ளங்கையில் பூட்டிக்கொள்ளும் சிறு பலகை. பெரும்பாலும் ஒரு அடி முதல் ஒன்றரை அடி நீளம் இருக்கும். அலை உடையும் நேரத்தில் அந்தக் கையை முன்னே நீட்டினால் பலகை நீரின் மேல் ஏறிச் சறுக்கும். கையும் நெஞ்சும் சற்றே உயர்வதால் உடம்பை நீர் பிடித்து இழுப்பது குறைந்து வேகம் கூடும். பலகை இல்லாமல் உடம்பாலேயே அலையில் போவதை ஹவாய்த் தீவினர் 'கஹா நாலு' என்பார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓஷன்சைடு என்ற ஊரில் 1977 முதல் இதற்கென்றே போட்டி நடத்தி வருகிறார்கள். உணவு விடுதித் தட்டையும் ரப்பர் செருப்பையும் கையில் மாட்டிக்கொண்டு அலையில் பாய்ந்தவர்களும் அங்கே உண்டு. கைப்பலகை அந்த வழியில் வந்த பொருள்தான்.

இவ்வளவு எளிய பொருளில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். பலகை அவ்வளவு எளிதில் கெடாது. கெடுவது பலகையும் பட்டையும் சேரும் இடம். அது பட்டைக்கு அடியில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அலை நடுவில் அந்தப் பூட்டு விட்டுப்போனால் பலகை பறந்து போய்ப் பக்கத்தில் நீந்துகிறவரின் முகத்தில் அடிக்கலாம். வெல்க்ரோவில் மணல் இறுகி, கை வெளியே வராமல் போனாலும் ஆபத்துதான். அலை புரட்டிப் போடும்போது இரண்டு கையும் வேண்டும்.

நம் கட்டுமரத்தை நினைத்துப் பாருங்கள். அதில் மரங்களைச் சேர்ப்பது கயிறு. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போடுவார்கள். நீர் குடித்த மரம் கனத்துப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். கடலுக்குள் போகும் எதையும் பிரித்துக் காயவைக்க வேண்டும் என்ற அந்தப் பாடம் கைப்பலகைக்கும் அப்படியே பொருந்தும்.

உப்பு செய்யும் வேலை

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் காய்ந்தாலும் உப்பு போகாது. பட்டைக்கு அடியிலும் திருகாணித் தலைக்குக் கீழும் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து அந்த இடத்தை நசநசவென்றே வைத்திருக்கும். மங்களூர் மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காதே" என்று பலர் கேட்கிறார்கள். அதைக் காப்பது அதன் மேலிருக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் நிலைக்கக் காற்று பட வேண்டும். பட்டைக்கு அடியில் காற்று இல்லை, உப்பு மட்டும் உண்டு. அதனால் வெளியே பளபளக்கும் திருகாணி உள்ளே அரித்துப் போயிருக்கும். கடலுக்கு 316 வகை நல்லது. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால், சாதாரண 304 வகையைவிட உப்பைத் தாங்கும். ஆனால் தாங்கும் என்றுதான் சொல்லலாம். அரிக்கவே அரிக்காது என்று சொல்ல முடியாது.

ஆகவே ஒவ்வொரு முறை கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் பட்டையை விரித்து வைத்துக் கழுவுங்கள். பிறகு நிழலில், காற்றோட்டத்தில் நிறுத்தி வையுங்கள். வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டால் பட்டையின் ரப்பரும் ஒட்டிய பசையும் கெடும். காலில் மாட்டும் ரப்பர் துடுப்புகளையும் இப்படியே கழுவிக் காயவைக்க வேண்டும். அவற்றை நுனியில் நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் வளைந்தபடியே நின்றுவிடும்.

கழற்றும் முறை

இந்த மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலும் கொந்தளிப்பாக இருக்கும். பிள்ளைகள் எப்படியும் கடலில் இறங்கக் கூடாத அந்த நாட்களே கைப்பலகையைப் பிரிப்பதற்கு ஏற்றவை.

முதலில் கைபேசியில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் என்பது பிறகு மறந்துவிடும். பட்டையைச் சுற்றி வெந்நீர் ஊற்றி உப்பைக் கரைத்த பிறகே திருகாணியில் கை வையுங்கள். அதன் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரோ ஆலன் கீயோ வேண்டும். சற்றுச் சின்னதாக இருந்தால் தலை தேய்ந்து, பிறகு யாராலும் கழற்ற முடியாது. திருகாணி அசையாவிட்டால் துரு நீக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு காத்திருங்கள். மறுநாள் முதலில் இறுக்கும் பக்கம் சிறிதே அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள்.

கழற்றிய திருகாணியை வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். கழுத்துப் பகுதி மெலிந்திருந்தாலோ குழி விழுந்திருந்தாலோ எறிந்துவிடுங்கள். என்னிடம் வந்த ஒரு பலகையில் இரண்டு திருகாணிகளில் ஒன்று, தொட்டதும் தலை வேறு உடம்பு வேறாக வந்தது. வெளியே பார்த்தால் பட்டை ஆடுவது தவிர ஒரு குறையும் தெரியவில்லை.

சில பலகைகளில் மரத்துக்குள் பித்தளை மரை பதித்திருப்பார்கள். அதில் பச்சைக் களிம்பு இருந்தால் சுத்தம் செய்தால் போதும். மஞ்சள் நிறம் போய்ச் செம்பு நிறமாக மாறியிருந்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து போய்விட்டது என்று பொருள். அது பொடிப்பொடியாக உதிரும், மாற்றத்தான் வேண்டும்.

வெல்க்ரோவைக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்துக்காரரான ஜார்ஜ் டி மெஸ்ட்ரால். வேட்டைக்குப் போய் வந்தபோது தன் நாயின் மயிரில் ஒட்டிய முட்காய்களைப் பார்த்து இந்த யோசனை பிறந்ததாம். அந்தக் கொக்கிகளுக்குள் மணலும் நூலும் அடைந்தால் பிடிப்பு போய்விடும். பழைய டூத் பிரஷ்ஷும் ஒரு குண்டூசியும் போதும், சுத்தமாகிவிடும்.

மரமும் பூச்சும்

பலகை நீர் குடித்திருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. வாங்கிய அன்றே, நனையும் முன், சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். பிறகு எப்போது நன்கு காய்ந்த நிலையில் எடை கூடியிருந்தாலும் உள்ளே நீர் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். மரத்துக்கும் இது பொருந்தும், ஃபைபர் பூசிய நுரைப்பலகைக்கும் பொருந்தும்.

நீர் நுழையும் வழி பெரும்பாலும் திருகாணித் துளையும் ஓரத்தில் அடிபட்ட இடமும்தான். அங்கே கறுப்பு படிந்திருக்கும். அந்த இடத்தின் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, எடை குறைவது நிற்கும்வரை நாள் கணக்கில் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் பூச்சுப் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பூச்சு கொப்பளித்துவிடும். துளை தளர்ந்திருந்தால் எபாக்ஸி பசையால் முழுவதும் அடைத்து, நன்கு இறுகிய பின் நடுவில் புதிதாகத் துளை போடுங்கள். அப்போது திருகாணி மரத்தைத் தொடாமல் பசைக்குள் நிற்கும், நீரும் இறங்காது.

புதிதாகச் செய்பவர்கள் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். சாதாரணப் பிளைவுட்டின் அடுக்குகள் கடல்நீரில் பிரிந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பூசிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகி, சுருண்ட துணி தானே தீப்பிடிக்கக்கூடும். விரித்து வெளியில் காயப் போடுங்கள்.

திரும்பப் பூட்டுதல்

மரைக்கு மட்டும் சிறிது கிரீஸ் தடவி, இரண்டு திருகாணிகளையும் மாறி மாறிக் கையால் இறுக்குங்கள். வாஷர் படிந்த பின் சிறிது இறுக்கினால் போதும். முழு பலத்தைக் காட்டினால் மரம் பிளக்கும்.

பிறகு இரண்டு சோதனை. பட்டையைப் பிடித்துப் பலகையை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சிறிதும் ஆடக் கூடாது. அடுத்து, பிள்ளை தன் கையை நனைத்துப் பட்டைக்குள் விட்டுக்கொண்டு உதறட்டும். பலகை கழலக் கூடாது. ஆனால் மற்றக் கையின் உதவியில்லாமல், விரலை மடக்கி இழுத்தால் கை வெளியே வந்துவிட வேண்டும். இரண்டும் தேறினால்தான் கடலுக்கு.

இதையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: கைப்பலகை மிதவை அல்ல, நீச்சல் தெரியாதவரை அது காக்காது. கடல் உள்ளே இழுத்தால் எதிர்த்துப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு விட்ட பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

மழை ஓய்ந்து, கடல் தெளியும் நேரத்தில் ஆயுத பூஜை வருகிறது. அரிவாள்மனையையும் சைக்கிளையும் துடைத்துப் பொட்டு வைக்கும் வரிசையில் இந்தப் பலகையும் இருக்கட்டும். பிரித்துப் பூட்டும் வேலையைப் பெற்றோர் செய்து கொடுக்க வேண்டாம்; பக்கத்தில் இருந்து பிள்ளையையே செய்ய விடுங்கள். திருகாணி எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று தன் கையால் பார்த்த பிள்ளை, கடலில் இறங்குவதற்கு முன் ஒரு முறை பட்டையை இழுத்துப் பார்க்கும்.