காற்றாலையும் உலோகச் சோர்வும்

இரும்புக் கம்பித் துண்டொன்றைக் கையிலெடுத்து ஒரே இழுப்பில் அறுத்துவிட முயல்வோமாயின், கை நோவதன்றிப் பயனொன்றுமில்லை. அதே கம்பியை இப்பக்கமும் அப்பக்கமுமாகச் சிலமுறை மடக்கி நிமிர்த்துவோமாயின், அது தானே ஒடிந்துவிடுகின்றது. இதனைச் சிறுவரும் அறிவர். ஒருமுறை வந்து தாக்கும் பெருவிசைக்கு ஈடு கொடுக்கும் பொருள், மாறிமாறிப் பன்முறை வரும் சிறுவிசைக்குத் தோற்றுவிடும் இவ்வியல்பையே யந்திர நூலார் சோர்வு என்பர். 1842-ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சு தேசத்தில், வெர்சேயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய புகைவண்டியின் எஞ்சின் அச்சு ஒடிந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே இவ்விஷயம் அறிஞர் கருத்தைப் பெரிதும் ஈர்த்தது. ஜெர்மனியில் ஆகஸ்டு வோலர் என்பார் வண்டியச்சுகளைப் பல்லாண்டு சோதித்து, பொருளின் ஆயுளை நிர்ணயிப்பது அதன்மீது வரும் மிகப் பெரிய பாரம் மாத்திரமன்று, பாரம் ஏறியிறங்கும் வீச்சே முக்கியம் என்று 1870-ஆம் ஆண்டளவில் நிலைநாட்டினார்.

நிற்க, காற்றாலைக்கு வருவோம். நிமிஷத்துக்கு 15 சுற்றாக, ஆண்டுக்கு 6,000 மணி நேரம், 20 ஆண்டு ஓடும் ஓர் ஆலை 10 கோடியே 80 லட்சம் முறை சுழல்கின்றது. ஒவ்வொரு சுழற்சியிலும் அதன் உறுப்புகள் ஒருமுறையேனும் வளைந்து நிமிர்கின்றன. மனிதன் செய்த பெரும் யந்திரங்களுள் இத்துணை மடக்குக்கு ஆளாவன மிகச் சிலவே. ஆதலின் காற்றாலையை வகுப்போர் புயலுக்கு அஞ்சுவதினும் அன்றாடக் காற்றுக்கே மிகுதியும் அஞ்சவேண்டியவராயினர். அவர் இப்பாடத்தைக் கற்ற இடங்களுள் தலையாயது அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்து மலையொன்று.

ரட்லண்டு நகரை அடுத்துள்ள ‘கிராண்ட்பாஸ் நாப்’ என்னும் அம்மலையுச்சியில், பால்மர் புட்னம் என்னும் பொறியாளர் எண்ணியவாறு ஸ்மித் கம்பெனியார் ஒரு பெருங் காற்றாலையை நிறுவினர். நீராற்றலால் இயங்கும் சக்கரங்களைச் செய்து பெயர்பெற்ற கம்பெனி அது. இரண்டே இறக்கைகள், ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 175 அடி, ஒவ்வோர் இறக்கையும் ஏறக்குறைய 8 டன் எடையுள்ள எஃகு வேலை. 1941-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் அவ்வாலை ஊரார் பயன்கொள்ளும் மின்கம்பிகளோடு இணைக்கப்பட்டது. 1,250 கிலோவாட் ஆற்றலுடைய ஆலை அதற்குமுன் உலகில் எங்கும் இருந்ததில்லை; பின்னும் முப்பதாண்டுக்கு மேலாக அதனை மிஞ்சுவது எழவில்லை.

1943 பிப்ரவரியில் முதன்மைப் பேரிங்கு பழுதுற்றது. அஃதோ போர்க்காலம். மாற்றுப் பேரிங்கு பெற்றுப் பொருத்த இரண்டாண்டு சென்றது. அதுகாறும் ஆலை சுழலாது மலையுச்சியில் காற்றை ஏற்று நின்றது. 1945 மார்ச்சில் மீண்டும் ஓடத் தொடங்கிச் சில வாரமே ஆயிருக்க, 26-ஆம் நாள் அதிகாலையில் ஓர் இறக்கை வேரருகே ஒடிந்து, ஏறக்குறைய 750 அடி தூரத்தில் போய் விழுந்தது. உயிர்ச்சேதமில்லை. ஒடிந்த இடம் வலுக்குறைந்தது என்பது முன்னரே தெரிந்திருந்தது. போர்க்காலப் பொருள் முட்டினால் அதனை வலுப்படுத்தாமலே ஓட்டினர். பல லட்சம் டாலர் செலவிட்டிருந்த கம்பெனியார் மேலும் செலவிட மனமின்றி முயற்சியைக் கைவிட்டனர்.

அவ்வாலை மொத்தம் ஓடியது ஏறக்குறைய 1,100 மணி நேரமே. நிமிஷத்துக்கு 28.7 சுற்று என்று கொள்வோமாயின், 19 லட்சம் சுற்றுக்குச் சிறிது குறையும். ஒவ்வொரு சுற்றிலும் நேர்வது யாது? இறக்கை வலப்புறம் கிடையாய் நீண்டிருக்கும்போது அதன் எடை வேரை ஓர் ஓரத்தை நோக்கி வளைக்கின்றது; அரைச்சுற்றுக்குப்பின் இடப்புறம் சேர்ந்ததும் மற்றை ஓரத்தை நோக்கி வளைக்கின்றது. 8 டன் எடையை அங்ஙனம் 19 லட்சம் முறை ஆட்டிப் பார்த்ததாயிற்று. காற்று முன்னும் பின்னும் தள்ளும் விசைக்கு இறக்கை இணங்கிக் கொடுக்கும்படி புட்னம் அதனைக் கீல் வைத்தே பொருத்தியிருந்தார், நல்ல யுக்திதான். ஆயினும் எடையினால் பக்கவாட்டில் வரும் வளைவுக்கு அக்கீல் யாதும் செய்ய இயலாது.

இவ்விடத்தில் அளவைப்பற்றிய ஒரு கணக்கை நோக்குதல் தகும். உருவம் மாறாமல் இறக்கையின் நீளம் மாத்திரம் இருமடங்கானால் அதன் எடை எட்டு மடங்காகும். அவ்வெடை வேரை வளைக்கும் நெம்புவிசை பதினாறு மடங்காகும். வேரோ எட்டு மடங்கே வலுப்பெறும். ஆகவே வேரிலுள்ள உலோகம் அங்குலந்தோறும் இருமடங்கு வருந்தும். காற்றின் விசையோ அங்ஙனமன்று. அது வளைக்கும் வன்மையும் வேரின் வலுவும் ஒன்றுபோல் எட்டு மடங்காகிச் சரியாகிவிடும். பெரிய ஆலைக்குப் பகை காற்றன்று, தன் எடையே என்பது இதனால் விளங்கும். இக்காலத்து இறக்கைகள் எஃகை விடுத்துக் கண்ணாடியிழையையும் கரியிழையையும் நாடியமைக்கு இதுவே பெருங் காரணம்.

புட்னம் ஆலையின் இறக்கைகள் கோபுரத்துக்குப் பின்புறம், அதாவது காற்று கடந்துசெல்லும் பக்கத்தில் சுழன்றன. கோபுரம் காற்றை மறைப்பதால் அதன் பின்னே ஓர் ‘நிழல்’ விழும். ஒவ்வோர் இறக்கையும் அந்நிழலுட் புகும்போது விசை சட்டென்று தளர்ந்து, வெளிப்படும்போது சட்டென்று ஏறும். 1975-இல் அமெரிக்க நாசா நிலையத்தார் ஓஹையோ மாகாணத்தில் நிறுவிய 100 கிலோவாட் ஆலையிலும் இவ்வமைப்பே இருந்தது. இறக்கைகள்மீது வந்த விசை கணக்கிட்டதினும் மிகுந்திருக்கக் கண்டு ஆராய்ந்ததில், கோபுரத்தினுள் ஏறியிறங்க வைத்த படிக்கட்டும் காற்றைத் தடுத்து நிழலைத் தடிப்பாக்கியது தெரியவந்தது. படிக்கட்டையே கழற்றினர்! இன்றுள்ள பெரிய ஆலைகளில் இறக்கைகள் கோபுரத்தின் முன்னே சுழல்வதே பெருவழக்கு.

இரண்டு இறக்கைக்குப் பதில் மூன்று வைப்பதன் காரணமும் இத்தகையதே. நீண்ட மூங்கிற்கழியை நெட்டுக்குத்தாய்ப் பிடித்துக்கொண்டு உடலைத் திருப்புதல் எளிது. குறுக்கே தாங்கித் திருப்புதல் அரிது. இரண்டு இறக்கையுள்ள ஆலையின் தலை காற்றின் திசைக்கேற்பத் திரும்பும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை எளிதாயும் இருமுறை கடினமாயும் மாறி, அச்சையும் கோபுரத்தையும் குலுக்குகின்றது. மூன்று இறக்கை சமமாய்ப் பரந்திருப்பின் இக்குலுக்கல் அடங்கும். டென்மார்க்கில் யோகன்னஸ் யூல் என்பார் கெட்சர் என்னுமிடத்தில் 1957-இல் அமைத்த 200 கிலோவாட் ஆலை இவ்வகையினது. மூன்று இறக்கை, கோபுரத்துக்கு முன்புறச் சுழற்சி, இறக்கைகளை ஒன்றோடொன்று பிணைத்த கம்பிகள் ஆகியவற்றோடு, பார்ப்பதற்குச் சிறிது நாட்டுப்புறத் தோற்றமுடைய அவ்வாலை 1967 வரை பெரும் பழுதின்றி ஓடிற்று. புட்னம் ஆலையோடு ஒப்பிடின் அளவிற் சிறியதே. எனினும் பின்வந்தோர் மேற்கொண்டது இவ்வழியையே என்பது கருதத்தக்கது.

கோபுரத்துக்கும் ஒரு விதி உண்டு. ஊஞ்சலை அது ஆடும் வேளையறிந்து சிறிது சிறிதாகத் தள்ளினால் ஆட்டம் பெருகுவதுபோல, கோபுரம் இயல்பாய் அசையும் வேகமும் இறக்கைகள் தள்ளும் வேகமும் ஒத்துவிடின் அசைவு பெருகிப் பற்றவைப்புகள் விரைவில் வெடிக்கும். நிமிஷத்துக்கு 15 சுற்றும் மூன்று இறக்கை ஆலையில், கோபுரத்தின் இயல்பான அசைவு 15-க்கும் அணுகலாகாது, 45-க்கும் அணுகலாகாது.

பொருளுக்குப் பொருள் சோர்வின் கணக்கும் வேறுபடும். பற்றவைத்த எஃகில் வீச்சு இருமடங்கானால் அது தாங்கும் தடவைகள் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகக் குறையும். கண்ணாடியிழையிலோ ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றாகும். ஆகவே கோபுரத்தின் எஃகை எந்நாளும் வரும் நடுத்தர அசைவுகள் மெல்லமெல்லத் தேய்க்க, இறக்கையின் இழையை அரிதாய் வரும் சில வன்காற்றுகளே பெரிதும் கெடுக்கின்றன. இழையாலான இறக்கையில் வீச்சை நூற்றுக்குப் பத்துக் குறைத்துக் கணக்கிட்டுவிட்டால், எண்ணிய ஆயுளில் பாதிகூட மிஞ்சாது. கணக்கை மாத்திரம் நம்பாது, புதிய வகை இறக்கையொன்றின் வேரைச் சுவர்போன்ற தாங்கியிற் பிணைத்து, இரவும் பகலும் பல லட்சம் முறை ஆட்டிச் சோதித்தபின்னரே அவ்வகையை மலைக்கும் கடலுக்கும் அனுப்புகின்றனர்.

ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலில் ஆலைகள் அணிவகுத்து நிற்பதை நம் மாணவரிற் பலர் கண்டிருப்பர். அங்ஙனம் நெருங்கி நிற்குமிடத்து, முன்னிற்கும் ஆலை கலக்கிவிட்ட காற்றே பின்னிற்கும் ஆலையை வந்தடைகின்றது. அக்காற்றில் வேகம் குறைவு, கொந்தளிப்போ மிகுதி. ஆகவே பின்வரிசை ஆலை ஈட்டும் மின்சாரம் குறைந்தும், அதன் இறக்கையும் பற்சக்கரமும் படும் சோர்வு மிகுந்தும் இருக்கும். ஆலைகளுக்கிடையே இறக்கை வட்டத்தின் குறுக்களவைப் போலப் பல மடங்கு இடைவெளி விடுவது இதன்பொருட்டே.