ஓர் அரிசி நீளம் குறைந்த தோட்டா... தானே செய்துகொண்ட வேட்டைக்காரர்!

எதிரே 20 மீட்டரில் யானை. விசையை இழுத்ததும் துப்பாக்கி வெடிக்கிறது, குண்டும் பாய்கிறது. ஆனால், பாய வேண்டிய வேகத்தில் பாயவில்லை. மண்டை எலும்பில் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. யானை நிற்கவில்லை!

1960-களில் ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் மத்தியில் இப்படியான புகார்கள் பரவ ஆரம்பித்தன. எல்லாப் புகார்களும் ஒரே ஒரு தோட்டாவைப் பற்றியவை. அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் 1956-ல் வெளியிட்ட '.458 வின்செஸ்டர் மேக்னம்'தான் அது. யானை, காண்டாமிருகம், காட்டெருமை போன்ற பெரிய விலங்குகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட தோட்டா. அதை நம்ப முடியாமல் போனபோது சிலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 'கடையில் வாங்கினால்தானே இந்தப் பயம்... நாமே செய்துகொண்டால்?'

ஆங்கிலத்தில் இதற்கு 'ஹேண்ட்லோடிங்' என்று பெயர். தோட்டாவைக் கையாலேயே நிரப்பிக்கொள்வது.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

நாட்டுத் துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, கம்பியால் கெட்டித்து, மேலே ஈயக் குண்டைப் போட்டுச் சுடுவார்கள். ஒவ்வொரு முறையும் இதே வேலை. இந்த மொத்த வேலையையும் ஒரு பித்தளைக் கூட்டுக்குள் அடக்கிவைத்தால், அதுதான் தோட்டா.

அதில் நான்கு பொருள்கள். பித்தளைக் கூடு, அதன் அடிப்பகுதியில் சட்டைப் பொத்தான் போல உட்கார்ந்திருக்கும் 'பிரைமர்', உள்ளே மருந்து, முனையில் குண்டு. விசையை இழுத்தால் ஒரு சிறிய ஊசி பிரைமரைத் தட்டும். அதில் எழும் பொறி மருந்தைப் பற்றவைக்கும். மருந்து எரிந்து வாயுவாக மாறி, குண்டைக் குழல் வழியே தள்ளும். சுட்ட பிறகு குண்டும் மருந்தும் போய்விடும். கூடு மட்டும் கையில் மிஞ்சும். அந்தக் காலிக் கூட்டைத் தூக்கி எறியாமல் திரும்ப நிரப்புவதில்தான் ஹேண்ட்லோடிங் ஆரம்பிக்கிறது.

இந்த உலகத்தில் எல்லா எடையும் 'கிரெயின்' கணக்கு. கிரெயின் என்றால் தானிய மணி. நம் ஊரில் குன்றிமணியை வைத்துத் தங்கம் நிறுத்ததைப்போல, தானிய மணியிலிருந்து வந்த அளவு. ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். .458 தோட்டாவின் வழக்கமான குண்டு 500 கிரெயின், அதாவது 32.4 கிராம். நகைக்கடைக் கணக்கில் சொன்னால், நான்கு பவுனுக்குக் கொஞ்சம் மேலே!

எங்கே சறுக்கியது?

அதுவரை யானை வேட்டை என்றால் பிரிட்டிஷ் இரட்டைக்குழல் ரைஃபிள்கள்தான். கைவினைஞர்கள் மாதக்கணக்கில் இழைத்துச் செய்யும் துப்பாக்கிகள் அவை. விலை சாதாரண ஆட்கள் நெருங்க முடியாதது. அதே பலத்தை, சாதாரண ஒற்றைக்குழல் ரைஃபிளில், குறைந்த விலைக்குத் தருகிறோம் என்று வந்தது வின்செஸ்டர். நல்ல யோசனைதான். ஆப்பிரிக்காவில் வனவிலங்குத் துறைகளே இந்த ரைஃபிளை விரும்பி வாங்கின.

சிக்கல் கூட்டின் நீளத்தில் இருந்தது. சாதாரண ரைஃபிளுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகக் கூட்டை 2.5 அங்குலத்தோடு நிறுத்திவிட்டார்கள். குண்டோ மிகப் பெரியது; கூட்டுக்குள்ளும் அது கணிசமாக இறங்கி உட்காரும். விநாடிக்கு 2,100 அடிக்கு மேல் வேகம் வேண்டுமென்றால் மருந்தும் நிறைய வேண்டும். என்ன செய்வது? மருந்தை நிரப்பி, அதன் மேல் குண்டை வைத்து அழுத்தினார்கள். சின்ன சூட்கேஸில் துணிகளைத் திணித்து, மேலே உட்கார்ந்து ஜிப் போடுவோமே... அந்த மாதிரி.

புதிதாக இருந்தவரை பிரச்னை தெரியவில்லை. மாதங்கள் போகப் போக, அதுவும் ஆப்பிரிக்க வெயிலில் கிடக்கக் கிடக்க, அழுத்தப்பட்ட மருந்து மழைக்கால உப்பு போலக் கட்டி தட்டியது. கட்டி தட்டிய மருந்து ஒரே சீராக எரியாது. ஒரு தோட்டா சரியாகப் பாயும். அதே பெட்டியிலிருந்து எடுத்த அடுத்தது மந்தமாகப் போகும். பிற்பாடு வேகமானியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, பெட்டியில் அச்சடித்திருந்த வேகத்துக்கும் உண்மைக்கும் சம்பந்தமே இல்லை என்பது புரிந்தது. 2,000 அடியைக்கூடத் தொடாத தோட்டாக்கள் இருந்தன.

மான் வேட்டையில் இது பெரிய விஷயமில்லை. யானையின் மூளை, தேன்கூடு போன்ற அறைகள் நிறைந்த கனமான எலும்புக்குப் பின்னால் இருக்கிறது. குண்டு அவ்வளவு தூரத்தையும் நேராகத் துளைத்துப் போனால்தான் உண்டு. பாதியில் நின்றால், காயம்பட்ட யானையும் அதன் முன்னால் ஒரு மனிதரும் மிஞ்சுவார்கள்.

நிறுவனம் பின்னாளில் இந்தக் கோளாறைச் சரிசெய்தது. ஆனால் கெட்ட பெயர் அத்தனை சீக்கிரம் போகுமா?

எருமை தூக்கி எறிந்தவர்

ஜாக் லாட் அமெரிக்க வேட்டைக்காரர், எழுத்தாளர். 1959-ல் மொசாம்பிக்கில் .458 வின்செஸ்டர் ரைஃபிளோடு காட்டெருமை வேட்டைக்குப் போனார். ஆப்பிரிக்கக் காட்டெருமை நம் ஊர் எருமையின் சாயலில் இருந்தாலும் சுபாவம் வேறு. 800 கிலோ வரை எடை போடும். காயம்பட்டால் ஓடி ஒளிவதைவிடத் திரும்பி வந்து தாக்கும் என்று பெயர் எடுத்தது. லாட்டை அப்படி ஓர் எருமை தாக்கிக் கடுமையாகக் காயப்படுத்தியது. உயிர் பிழைத்தார். இந்தத் தோட்டாவின் பலம் போதாது என்ற எண்ணம் மட்டும் அவரைவிட்டுப் போகவே இல்லை.

தன் தேவைக்குச் சரியான தோட்டா சந்தையில் இல்லை என்று தெரிந்ததும், 1971-ல் தானே ஒன்றை உருவாக்க இறங்கினார். தொழிற்சாலையெல்லாம் கிடையாது. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த '.375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்' தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துக்கொண்டார். அதன் வாயை அகலமாக்கி, 500 கிரெயின் குண்டைப் பொருத்தினார். நீளத்தை 2.8 அங்குலமாக வெட்டினார். அவ்வளவுதான்!

2.5 எங்கே, 2.8 எங்கே? வித்தியாசம் 0.3 அங்குலம், ஏழரை மில்லிமீட்டர். ஓர் அரிசியின் நீளம். அந்த அரிசி நீள இடம் கிடைத்ததும் மருந்தைத் திணிக்க வேண்டிய அவசியம் போயிற்று. குண்டின் வேகம் விநாடிக்கு 2,300 அடிக்கு உயர்ந்தது. வேகத்தில் பத்து சதவிகிதம் கூடினால் என்ன பெரிய லாபம் என்று தோன்றலாம். குண்டின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து சதவிகித வேகம், இருபது சதவிகிதத்துக்கு மேல் ஆற்றலாக மாறும். தோளில் வாங்கும் உதையும் கூடவே ஏறும் என்பது வேறு கதை.

'.458 லாட்' என்று பெயர் பெற்ற இந்தத் தோட்டாவைப் பல ஆண்டுகளுக்குக் கடையில் வாங்க முடியாது. இதை வைத்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் மேஜையில், தங்கள் கையால் நிரப்பிக்கொண்டார்கள். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பத் தனி லைசென்ஸ் தேவையில்லை என்பதால் இது சாத்தியமானது. (நம் நாட்டில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வேட்டைக்கு 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.)

மேஜையில் நடக்கும் வேலை

பார்க்க, தையல் மெஷின் அளவில் கைப்பிடி வைத்த ஓர் இரும்பு அழுத்தி. அதுதான் முக்கியக் கருவி. சுட்ட கூடு வாயுவின் அழுத்தத்தில் கொஞ்சம் உப்பியிருக்கும். அதைத் துடைத்து, விரிசல் பார்த்து, அழுத்தியில் வைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். பழைய பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதியது. பிறகு, நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில் மருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே குண்டை இறக்குவார்கள். எந்த மருந்து, எத்தனை கிரெயின் என்பதை மருந்துத் தயாரிப்பாளர்கள் சோதித்துப் புத்தகமாகவே வெளியிடுகிறார்கள். கண்ணளவு, கையளவுக்கு இங்கே இடமில்லை. கூடினால் துப்பாக்கியே வெடிக்கலாம். மிகவும் குறைந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் கிழியும்.

பெரிய ரைஃபிளுக்கென்றே இன்னொரு தலைவலி உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது அல்லவா... உள்ளே காத்திருக்கும் மற்ற தோட்டாக்களும் அந்த உதையில் முன்னும் பின்னும் மோதும். கனமான குண்டு மெதுவாகக் கூட்டுக்குள் இறங்கிவிடும். அழுத்தம் எகிறும். அதனால் கூட்டின் வாயைக் குண்டில் இருக்கும் பள்ளத்தைச் சுற்றி இறுக்கமாக மடித்துவிடுகிறார்கள். பயணத்துக்கு முன்னால், செய்த தோட்டா ஒவ்வொன்றும் ரைஃபிளுக்குள் தடங்கலின்றிப் போய் வருகிறதா என்று பாதுகாப்பான இடத்தில் பார்த்துவிடுவதும் வழக்கம். நூறில் ஒன்று சிக்கினாலும், அது எருமை வரும் நேரத்தில் சிக்கலாமே!

சாதாரணத் தோட்டா நிரப்புபவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்க இதைச் செய்கிறார்கள். யானைத் தோட்டா நிரப்புபவர்களின் கணக்கு வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்பது தனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

அரசாங்கமே பயந்த கதை

கையால் நிரப்பும் இந்த வித்தையைக் கண்டு ஒரு பேரரசே மிரண்டதும் உண்டு. அது நடந்தது நம் இந்தியாவில்.

1898-ல் லண்டனின் ரிக்பி நிறுவனம் '.450 நைட்ரோ எக்ஸ்பிரஸ்' தோட்டாவைக் கொண்டுவந்தது. உள்ளே கார்டைட் மருந்து. சேமியா போல நூல் நூலாக இருக்கும் என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது. நீலகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு அருவங்காட்டின் நூறாண்டு தாண்டிய கார்டைட் ஃபேக்டரி ஞாபகம் வரும், அதே கார்டைட்தான். இங்கிலாந்துக் குளிரில் ஒழுங்காக இருந்த கார்டைட், நம் ஊர் வெயிலில் அழுத்தத்தை ஏற்றிவிடும். சுட்ட கூடு உள்ளேயே பிடித்துக்கொண்டு வெளியே வர மறுக்கும். எனவே, பெரிய விலங்குகளுக்கான தோட்டாக்களுக்கு நீளமான, விசாலமான கூடு வைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். வின்செஸ்டர் பின்னால் மறந்துபோன பாடம் இதுதான்.

.450 தோட்டாவுக்கு எதிரி வேறு ரூபத்தில் வந்தது. அன்றைய பழைய ராணுவ ரைஃபிளான மார்ட்டினி-ஹென்றியின் அளவும் .450-தான். வேட்டைத் தோட்டாவில் இருந்து குண்டைப் பிடுங்கி, கிளர்ச்சியாளர்கள் தங்களிடமிருக்கும் மார்ட்டினி-ஹென்றி தோட்டாக்களில் போட்டு நிரப்பிக்கொண்டால்? இந்தப் பயத்தில், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலும் சூடானிலும் அந்த அளவுக்கே தடை போட்டது பிரிட்டிஷ் அரசு. துப்பாக்கி நிறுவனங்கள் சும்மா இருக்குமா? .465, .470, .475 என்று ஆளுக்கோர் அளவில் புதுத் தோட்டாக்களைச் செய்து தள்ளின. சட்டத்துக்குச் சட்டமும் ஆயிற்று, வியாபாரத்துக்கு வியாபாரமும் ஆயிற்று.

தடை மறந்துபோன பிறகும் அந்த இரட்டைக்குழல் ரைஃபிள்கள் உலகெங்கும் மிஞ்சின. 1960-களை ஒட்டி பிரிட்டனின் கைனாக் அவற்றுக்கான தோட்டாத் தயாரிப்பை நிறுத்தியதும், லட்சங்கள் பெறும் துப்பாக்கிகள் சுவரில் மாட்டும் பொருளாகின. அவற்றுக்கு உயிர் கொடுத்தவர்களும் கையால் நிரப்புபவர்கள்தான். இதில் கூடுதல் நுட்பம் உண்டு. இரட்டைக்குழலில் வலது, இடது இரண்டும் ஒரே இடத்தில் அடிக்கும்படி, ஒரு குறிப்பிட்ட தோட்டாவை வைத்துச் சுட்டுச் சுட்டுத்தான் குழல்களை ஒட்டியிருப்பார்கள். அந்த வேகத்திலிருந்து கொஞ்சம் விலகினாலும் இரண்டு குண்டுகளும் வெவ்வேறு திசைக்குப் போகும். செய்தவர் உயிரோடு இல்லாத துப்பாக்கிக்கு, அவர் மனதிலிருந்த வேகத்தைத் தேடிப்பிடிக்கும் வேலை அது.

இப்போது?

பெரிய விலங்குகளைக் கொல்வதில் பெருமை தேட வேண்டுமா என்ற கேள்வி உலகம் முழுக்கக் கேட்கப்படுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால், இந்த ரைஃபிள்கள் வேட்டைக்காரர்களிடம் மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் நடத்தி அழைத்துப்போகும் வழிகாட்டிகளும் பெரிய ரைஃபிளோடுதான் போகிறார்கள். சுடாமல் திரும்பும் நாள்தான் அவர்களுக்கு நல்ல நாள்.

ஜாக் லாட்டின் தோட்டாவை ஏ-ஸ்கொயர் என்ற சிறு நிறுவனம் முதலில் விற்க ஆரம்பித்தது. 2002-ல் ஹார்னடி நிறுவனமும் தயாரிக்கத் தொடங்கியதும் அது கடைச் சரக்காகிவிட்டது. .458 வின்செஸ்டர் வைத்திருந்த பலர், அதே ரைஃபிளின் உட்புறத்தைக் கொஞ்சம் நீட்டிக் கடைந்து லாட்டாக மாற்றிக்கொண்டார்கள்.

இதில் ஒரு சௌகரியமும் உண்டு. விமானத்தில் பொதுவாக ஒருவர் 5 கிலோ தோட்டாவுக்கு மேல் கொண்டுபோக முடியாது. பெட்டி வழியில் தொலைந்தால் அதுவும் போச்சு. அப்படி மாட்டிக்கொண்டவர் கவலைப்பட வேண்டாம். அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால், லாட் ரைஃபிளில் நீளம் குறைந்த .458 வின்செஸ்டர் தோட்டாவையும் போட்டுச் சுடலாம். ஆப்பிரிக்காவில் அது சுலபமாகவே கிடைக்கிறது.