பழைய பாட்டுப் பெட்டிக்கு வைத்தியர் எங்கே?

தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகியவற்றுக்குப் பெயர் போன சிவகாசியிலும், எண்ணெய், பருப்பு, வத்தல் வியாபாரத்தில் பிரசித்தி பெற்ற விருதுநகரிலும், பழைய வீடுகளில் அநேகமாக ஒரு பாட்டுப் பெட்டி இருக்கும்.

1939-ல் திருச்சி வானொலி நிலையம் வந்தது. 1963-ல் திருநெல்வேலி நிலையம் வந்தது. இலங்கை வானொலியோ இந்தப் பக்கத்தில் உள்ளூர் நிலையம் போலவே ஒலித்தது. அப்போது வாங்கிய வால்வு ரேடியோ, பின்னால் வாங்கிய ரிக்கார்டு பிளேயர், ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர், கேஸட் டெக் எல்லாம் இன்று துணி போர்த்தி மூலையில் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றை மறுபடியும் பாட வைக்கலாம். யாரை நம்பிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

நோய் என்ன?

பெரும்பாலும் நோய் சிறியதுதான். 'உம்' என்று இரைச்சல் கேட்டால் கண்டென்சர் காய்ந்திருக்கலாம். நம் ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம் காயும். வால்யூம் திருகும்போது கரகரத்தால் உள்ளே தூசு. தட்டு சுற்றும் வேகம் தடுமாறினால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். ஸ்பீக்கரின் விளிம்பில் உள்ள நுரை உதிர்ந்திருந்தால் விளிம்பை மட்டும் மாற்றினால் போதும். ஸ்பீக்கரையே தூக்கி எறிய வேண்டியதில்லை. தேய்ந்த ஊசியை மட்டும் உடனே மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது இசைத்தட்டையே உழுதுவிடும்.

"வால்வு எங்கே சார் கிடைக்கிறது?" என்று கையை விரிப்பவர்கள் உண்டு. ஆம்ப்ளிபையர்களில் வரும் வால்வுகளில் பல ரகங்கள் ரஷ்யாவிலும், ஸ்லோவாக்கியாவிலும், சீனாவிலும் இன்னும் தயாராகின்றன.

யாரிடம் விசாரிப்பது?

மைக்செட் கடைகளில் விசாரியுங்கள். பங்குனிப் பொங்கல் நேரத்தில் நடு இரவில் ஆம்ப்ளிபையர் ஊமையானால் அவர்கள் பிழைப்பு போயிற்று. ஆகையால் நல்ல கைக்காரர் யார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. மூன்று கடைகளில் கேளுங்கள். மூவரும் ஒரே பெயரைச் சொன்னால் அந்த மனிதரைத் தேடிப் போகலாம். உள்ளூரில் ஆள் இல்லையென்றால் மதுரை தூரமில்லை. உதிரிச் சாமான்களுக்குச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது.

எப்படி எடை போடுவது?

பல வருஷம் சும்மா கிடந்த செட்டை நல்ல மெக்கானிக் நேராக மின்சாரத்தில் செருகமாட்டார். நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை இடையில் கோத்த 'சீரீஸ் லாம்ப்' வழியாகத்தான் முதலில் கரண்ட் கொடுப்பார். பல்பு பளிச்சென்று எரிந்து, அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். மங்கினால் ஆபத்து குறைவு. இந்த எளிய பழக்கம் இல்லாதவரிடம் செட்டை விட்டு வராதீர்கள்.

அவர் முதலில் கேள்வி கேட்பார்: எப்போது நின்றது? நிற்கும் முன்பு வாடை வந்ததா? புகை வந்ததா? திறந்து பார்க்காமலே தொகை சொல்பவரிடம் ஜாக்கிரதை. பார்த்த பிறகு இவ்வளவு ஆகும் என்று சொல்லி, உங்கள் சம்மதம் பெற்று வேலை தொடங்குபவரே நம்பத் தக்கவர். கழற்றிய பழைய சாமான்களை ஒரு பொட்டலத்தில் கட்டித் திருப்பித் தரச் சொல்லுங்கள். நேர்மையானவர் இதற்குக் கோபிக்கமாட்டார். "இந்த ரகம் எனக்குப் பழக்கமில்லை" என்று ஒப்புக்கொள்பவர் கிடைத்தால் அவர் விலாசத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த ரிப்பேருக்கு அவர் உதவுவார்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். கொடுக்கும் முன்பே மாடல் எண்ணையும், வரிசை எண்ணையும் எழுதி, உட்புறத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு ரசீது வாங்குங்கள். காசு வாங்கிச் செய்யும் ரிப்பேர் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. வழக்கு என்று வந்தால் ரசீதுதான் பேசும்.

கை வைக்காதீர்கள்!

சிக்கனம் கருதி வால்வு செட்டைத் தாங்களே திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சருக்குள் முந்நூறு வோல்ட் வரை தங்கியிருக்கலாம். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நுழையுமுன் தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும் என்பது பாடம். தேங்கிய மின்சாரம் என்ன செய்யும் என்று இந்தச் சீமைக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா?

இனி தாமதிப்பது நல்லதல்ல. செட்டுக்கு ஆகும் வயது அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களுக்கும் ஆகிக்கொண்டிருக்கிறது. வால்வு வேலை கற்றவர்களில் பலர் இன்று முதியவர்கள். அவர்களோடு உட்கார்ந்து ஈயப்பற்று வைக்கப் பழகும் இளைஞர்கள் சிலரே. வீட்டில் ஆர்வமுள்ள பையனோ பெண்ணோ இருந்தால், செட்டைக் கொடுக்கப் போகும்போது கூடவே அழைத்துப் போங்கள். பெரியவர் அனுமதித்தால் அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.