மணல் நம்முடையது, உலோகம்?

1960களில் அமெரிக்கா கட்டிய எஸ்ஆர்-71 உளவு விமானம் ஒலியைவிட மூன்று மடங்கு வேகத்தில் பறந்தது. அந்த வேகத்தில் ஏறும் சூட்டை அலுமினியம் தாங்காது. அதனால் உடலின் பெரும்பகுதியை டைட்டேனியத்தில் செய்தார்கள். அதற்கான டைட்டேனியத்தில் கணிசமான பங்கை, யாரை வேவு பார்க்க விமானம் தேவைப்பட்டதோ அந்தச் சோவியத் யூனியனிடமிருந்தே போலி நிறுவனங்கள் வழியாக வாங்கினார்கள்! எல்லா நாட்டுக்கும் இப்படிக் கொடுத்துவைக்காது.

இந்தியாவின் நிலைமை வேறு. தாது கொட்டிக் கிடந்தது, உலோகம்தான் இல்லை. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கொல்லம் பக்கத்துச் சவறாவிலும் அலை ஒதுக்கும் கருமணலில் இருப்பது இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த தாது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து கப்பலேறிய தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார். மணல் அள்ளும் தொழில் அதன்பின் சூடுபிடித்தது. இல்மனைட் ஏற்றுமதியானது, பெயின்ட்டுக்கான வெள்ளை நிறமியாகவும் மாறியது. ராக்கெட்டுக்கு வேண்டிய டைட்டேனியம் மட்டும் வெளிநாட்டிலிருந்தே வந்தது.

காரணம், இந்த உலோகத்தின் முரட்டுக் குணம். சூடேறினால் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். இரும்புத் தாதுபோல் கரியைப் போட்டு உருக்கினால் கார்பைடுதான் மிஞ்சும்.

லக்சம்பர்க்காரரான வில்லியம் குரோல் கண்ட சுற்றுவழிதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தாதுவைக் குளோரினோடு வினைபுரியவைத்தால் டைட்டேனியம் டெட்ராகுளோரைடு கிடைக்கும். நிறமற்ற திரவம், ஈரக்காற்று பட்டால் வெண்புகையாகக் கிளம்பும். அதைக் காய்ச்சி வடித்துச் சுத்தமாக்கி, ஆர்கான் வாயு நிரம்பிய மூடிய எஃகுக் கலனில், உருகிய மெக்னீசியத்தின் மேல் விடுவார்கள். மெக்னீசியம் குளோரினைப் பறித்துக்கொள்ள, டைட்டேனியம் தனியே படியும். எஞ்சிய மெக்னீசியத்தையும் அதன் குளோரைடையும் வெற்றிடத்தில் ஆவியாக்கி வெளியேற்றினால், துளைதுளையான சாம்பல் நிறக் கட்டி கிடைக்கும். அதுதான் ‘ஸ்பாஞ்ச்’.

2011இல் சவறாவின் கேஎம்எம்எல் நிறுவனத்தில் ஸ்பாஞ்ச் ஆலை திறக்கப்பட்டது. தொழில்நுட்பம் ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்துடையது, பணம் இஸ்ரோவுடையது. நிறமிக்காக டெட்ராகுளோரைடு தயாரிக்கும் பிரிவு அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் பாதி வேலை மிச்சம். ஸ்பாஞ்சை வெற்றிட உலையில் உருக்கிக் கலப்புலோகமாக்கும் வேலையை ஹைதராபாத்தின் மிதானி நிறுவனம் செய்கிறது.

சவறா ஆலையின் ஆண்டுத் திறன் 500 டன். சீனாவின் ஆண்டு உற்பத்தியோ ஒரு லட்சம் டன்னுக்கும் மேல்.