சட்டகத்தைப் பிரித்துக் கட்டி நடக்கும் செல்

1950களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோஜர்ஸ் நுண்ணோக்கி வழியே எடுத்த ஒரு குறும்படம் இன்றும் உயிரியல் வகுப்புகளில் ஓடுகிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு, சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு பாக்டீரியாவைத் துரத்துகிறது. அது திரும்பினால் இதுவும் திரும்புகிறது. கடைசியில் விழுங்கிவிடுகிறது.

கண்ணும் மூளையும் இல்லாத செல்லுக்கு வழி காட்டுபவை வேதிப்பொருள்கள்: பாக்டீரியா கசியவிடும் புரதத் துணுக்குகள், அழற்சி கண்ட திசு சுரக்கும் இன்டர்லூக்கின்-8. செல்லின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையே அவற்றின் செறிவு 1–2 சதவீதம் வேறுபட்டாலே போதும், திசை பிடிபட்டுவிடும்.

திசை தெரிந்தால் ஆயிற்றா? நடக்க வேண்டுமே. செல்லுக்குள் இருக்கும் சட்டகம் நம் எலும்பு மாதிரி நிலையானதல்ல. ஆக்டின் புரத மணிகள் கோத்து உருவான, 7 நானோமீட்டர் தடிமனுள்ள இழைகள் அதில் முக்கியமானவை. செறிவு கூடிய பக்கத்தில் ராக் என்ற புரதம் முடுக்கப்படுகிறது. அதைத் தொடர்ந்து ஆர்ப்2/3 என்ற புரதக் கூட்டு, பழைய இழையின் பக்கவாட்டில் சுமார் 70 பாகைச் சாய்வில் புதுக் கிளையைத் தொடங்கிவைக்கிறது. கிளைகள் வளர வளரச் சவ்வு முன்னே பிதுங்குகிறது. வாலில் மயோசின் இறுக்கிப் பிழிகிறது; நம் தசையைச் சுருக்கும் புரதத்தின் உறவுதான் அது. பந்தலை ஒரு பக்கம் பிரித்து அதே மூங்கிலை மறுபக்கம் நடுவதுபோல, இழைகளிலிருந்து கழன்ற ஆக்டின் மணிகளே மீண்டும் முன்னே கோக்கப்படுகின்றன.

இந்தத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தால் என்னவாகும்? 1937இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் விஸ்காட், ஒரே வீட்டுச் சகோதரர்கள் மூவரைப் பற்றி எழுதினார். தோல் அழற்சி, இரத்தக் கசிவு, ஓயாத தொற்று. அவர்களுடைய சகோதரிகளுக்கு ஒன்றுமில்லை. 1954இல் ராபர்ட் ஆல்ட்ரிச், நோய் தாய்வழியாக மகன்களுக்கு வருவதைக் காட்டினார். காரணமான மரபணு 1994இல் அகப்பட்டது. இரத்த செல்களில் ஆர்ப்2/3ஐத் தூண்டிவிடும் புரதத்துக்கான மரபணு அது! சமிக்ஞை வரத்தான் செய்கிறது. சட்டகம்தான் சரியாகக் கீழ்ப்படிவதில்லை.

வேண்டுமென்றே அதை முடக்குவதும் உண்டு. கீல்வாதத்தின் ஒரு வகையான கௌட்டில், மூட்டில் படியும் யூரிக் அமிலப் படிகங்களை நோக்கி நியூட்ரோஃபில்கள் படையெடுப்பதால்தான் வீக்கமும் வலியும் பெருகுகின்றன. அதற்குத் தரும் கோல்ச்சிசின், சட்டகத்தின் இன்னொரு பகுதியான நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுக்கிறது. செல்களின் படையெடுப்பு தளர்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்கில், அதாவது நம் செங்காந்தளில், இருப்பதும் இதே கோல்ச்சிசின்தான். செல் பிரிவதற்கும் நுண்குழல்கள் வேண்டும் என்பதால், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.