சந்தேகம் வந்தால் சிவப்பு விளக்கு
நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்று நர்ஸிங் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெண்கள் மட்டுமல்ல, பையன்களும் சேர்கிறார்கள். "முடித்த மறுநாளே வேலை" என்பது இப்படிப்பைப் பற்றிப் பரவலாக உள்ள நம்பிக்கை. அது பாதி உண்மை. படிப்புக்கும் வேலைக்கும் நடுவே, சொந்த ஊர் விட்டு வந்த நம்மைப் போன்றவர்கள் தாண்ட வேண்டிய வாய்க்கால்கள் சில உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் சுலபமாகத் தாண்டிவிடலாம்.

ரயில்வேயில் பாதையும் பாலமும் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு நர்ஸிங்கில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். எங்கள் இலாகாவில் ஒரு விதி உண்டு. சிக்னல் விளக்கு எரியாவிட்டாலும், சரியாகத் தெரியாவிட்டாலும், அந்த சிக்னல் காட்டக்கூடியவற்றுள் மிகக் கட்டுப்பாடான குறிப்பையே காட்டுவதாகக் கொள்ள வேண்டும். "பச்சையாகத்தான் இருக்கும்" என்று டிரைவர் ஊகித்துக்கொண்டு வண்டியை ஓட்டக்கூடாது. கல்லூரியில் சேரும் நாளிலிருந்து வார்டில் ஊசி போடும் நாள் வரை நம் பிள்ளைகளுக்கும் இந்த விதி பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

சேரும் முன்

ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்ஸிங் நான்கு ஆண்டு. ஜி.என்.எம். முடித்தவர்கள் பின்னர் இரண்டு ஆண்டு படித்து பி.எஸ்சி. பட்டம் பெறவும் வழி உண்டு. ஆகவே பணவசதி இல்லை என்பதால் ஜி.என்.எம்.மில் சேர்ந்த பிள்ளைக்குக் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

ஏஜெண்டுகள் மூலம் வெளிமாநிலக் கல்லூரியில் இடம் பிடிப்பவர்கள், பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். அந்த மாநில நர்ஸிங் கவுன்சிலின் அங்கீகாரம் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா? அகில இந்திய அளவிலான அங்கீகாரம் உண்டா? பயிற்சிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் நோயாளிகள் இருக்கிறார்களா? கட்டடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். வார்டுக்குள் நடந்து பாருங்கள். வெறும் கட்டில்கள் வரிசையாக இருந்தால், அங்கே படிக்கும் பிள்ளை பொம்மையின் மேல்தான் ஊசி போடக் கற்கும்.

நாடு முழுமைக்குமான பாடத்திட்டத்தை வகுத்துவந்தது 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்ஸிங் கவுன்சில். அதனிடத்தில் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியுள்ளது. எனவே நாலு வருடத்துக்கு முன் அண்ணன் மகள் சேர்ந்தபோது கேட்ட தகவலை வைத்துக்கொண்டு இன்று முடிவு செய்யக்கூடாது. புதிதாக விசாரியுங்கள்.

பதிவு என்னும் டிக்கெட்

பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. மாநிலக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தால்தான் நர்ஸாகப் பணியாற்ற முடியும். இது நேற்று வந்த ஏற்பாடல்ல. அன்றைய சென்னை மாகாணத்தில் இதற்கான சட்டம் 1926லேயே வந்துவிட்டது.

நமக்குச் சிக்கல் வருவது இங்கேதான். எங்கள் குடியிருப்புப் பெண் ஒருத்தி பெங்களூரில் பி.எஸ்சி. முடித்து, கர்நாடகத்தில் பதிவும் செய்துகொண்டு மகாராஷ்டிரத்துக்குப் பெற்றோரிடம் திரும்பினாள். நேர்முகத் தேர்வில் மகாராஷ்டிரக் கவுன்சில் பதிவு எங்கே என்று கேட்டார்கள். "மாமா, அப்படின்னா நான் நர்ஸ் இல்லையா?" என்று என்னிடம் கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது. "நர்ஸ்தானம்மா, ஆனால் உன் டிக்கெட் வேறு லைனுக்கு எடுத்தது" என்றேன். பழைய மாநிலக் கவுன்சிலில் ஆட்சேபணை இல்லை என்ற சான்றும் சரிபார்ப்பும் பெற்று, புதிய மாநிலக் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு அலுவலகங்களுக்கு இடையே காகிதம் நகர நாளாகும். பரீட்சை முடிவு வரும்வரை காத்திராமல், எந்த மாநிலத்தில் வேலை பார்ப்பது என்பதை இறுதியாண்டிலேயே தீர்மானித்துவிட்டால் வீணாகும் மாதங்கள் மிச்சமாகும்.

வேலையில் சேரும்போது சில தனியார் மருத்துவமனைகள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதும், இத்தனை வருடம் விலகக்கூடாது என்று பாண்டு எழுதி வாங்குவதும் உண்டு. அசலைக் காட்டலாம், கொடுக்கக்கூடாது. நகல் கொடுத்தால் போதும். பாண்டு என்றால், படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடவே கூடாது.

சம்பளம் பற்றியும் ஒரு வார்த்தை. தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் நிலை குறித்து உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் அளித்த தீர்ப்பின்படி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 50 படுக்கைகளுக்குக் குறைந்த இடங்களிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, நடைமுறை வேறு. இருந்தாலும் "எவ்வளவு கொடுத்தாலும் சரி" என்று தலையாட்டும் முன் இக்கணக்கு மனதில் இருக்கட்டும்.

வார்டில் முதல் வருடம்

கல்லூரியில் தவறாகச் செய்தால் ஆசிரியை திருத்துவார். வார்டில் இரவு இரண்டு மணிக்கு இருபது நோயாளிகளின் நடுவே நிற்கும் புது நர்ஸுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். "இதைக்கூடத் தெரியாதா என்பார்களோ" என்ற கூச்சத்தில் கேட்காமல் விடுவதுதான் அங்கே பெரிய ஆபத்து.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 500 மில்லி குளுக்கோஸை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். டிரிப் செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு விடுவது என்றால் மொத்தம் 10,000 சொட்டு. அதை 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. ஆனால் குழந்தைகளுக்குப் பயன்படும் மைக்ரோ செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு. செட்டைக் கவனிக்காமல் அதே 42 சொட்டு வைத்தால், போக வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் உடம்பில் போய்ச் சேரும். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். எந்த செட் என்று பார்ப்பதிலும், சந்தேகமென்றால் நிறுத்திக் கேட்பதிலும்தான் தொழில் இருக்கிறது.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். டாக்டர் போனில் சொல்லும் மருந்தைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர்கள் பிரைவேட் நம்பரை எழுதி, திருப்பிச் சொல்லி உறுதி செய்வது போலத்தான் இதுவும்.

பாஷை இன்னொரு சோதனை. தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வரும் பிள்ளைகளுக்கு "எங்கே வலி, எப்போதிலிருந்து, மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா" என்ற நாலு கேள்வியாவது இந்தியிலும் உள்ளூர் மொழியிலும் வந்தாக வேண்டும். இங்கேயே வளர்ந்த நம் பிள்ளைகள் வீட்டில் உட்கார்த்தி ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். வார்டுப் பயிற்சிக்குப் போகும் முன்பே ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால் பிதுக்கக்கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று டாக்டர் கருதினால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம், 72 மணி நேரம் கடக்கவே கூடாது. திட்டுவார்கள் என்று பயந்து மறைப்பது தண்டவாள விரிசலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதற்குச் சமம்.

வழிகள் பல

2024இல் வந்த ரயில்வே தேர்வு வாரிய அறிவிப்பில் நர்ஸிங் சூப்பரிண்டெண்டெண்ட் பதவிக்கு 713 இடங்கள், தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர்களும் விண்ணப்பிக்க முடிந்தது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு 2020 முதல் பொதுத் தகுதித் தேர்வு நடக்கிறது. வளைகுடா நாடுகளுக்குப் போக விரும்புவோர், 2015 முதல் நர்ஸ்களுக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயம் என்பதை மறக்க வேண்டாம். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்பவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நைட் டூட்டி முடிந்து காலையில் வரும் மகளைத் தூங்க விடுங்கள். விருந்தாளி வந்தால் காபி போட அவளை எழுப்பாதீர்கள். வரன் பார்க்கும்போது "நர்ஸா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு நீங்களே நிமிர்ந்து பதில் சொல்லுங்கள். வேலூரிலும் டெல்லியிலும் 1946லேயே பட்டப்படிப்பாகத் தொடங்கிய கல்வி இது.

நம் சங்கத்தில் பணியிலும் ஓய்விலும் உள்ள நர்ஸ் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை புதிய பிள்ளைகளுடன் அவர்கள் ஒரு மணி நேரம் அமர்ந்தால் போதும், பதிவு முதல் டிரிப் கணக்கு வரை எத்தனையோ சந்தேகங்கள் தீரும். அதுவரை, டூட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் "சாப்பிட்டாயா?" என்று கேட்ட பிறகு, "இன்றைக்கு என்ன சந்தேகம் வந்தது, யாரிடம் கேட்டாய்?" என்றும் கேளுங்கள்.